மூலவர் டயல்

ஆறு மணியைக் காணவில்லை.

தனசிங் கண்ணில் மாட்டியிருந்த லென்ஸைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். பன்னிரண்டு இருந்தது. மூன்று இருந்தது. ஐந்தும் ஏழும் அதனதன் இடத்தில் நின்றன. இரண்டுக்கும் நடுவே ஆறு இருக்கவேண்டிய இடத்தில் குண்டூசி முனை அளவுக்கு ஒரு துளை மட்டும் இருந்தது.

வேறு டயலாக இருந்தால் கழிவுத் தட்டில் வீசிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார். தாம்பரம் சானடோரியம் ஏற்றுமதி வளாகத்தில் இருந்த அந்தக் கம்பெனியில் நாளைக்கு முந்நூறு டயல் தயாராகிறது. அதில் ஒன்று போனால் குடி முழுகாது. சுவிட்சர்லாந்துப் பணக்காரர்கள் கட்டுகிற கைக்கடிகாரங்களுக்கு முகம் செய்து அனுப்புவதுதான் கம்பெனியின் தொழில். பழைய ஒரு ரூபாய்க் காசு அகலத்தில் ஒரு வெள்ளி நிறத் தகடு. எண்களுக்குப் பதிலாக அதில் தங்க முலாம் பூசிய பன்னிரண்டு குச்சிகள். ஒவ்வொரு குச்சிக்கும் அடியில் தலைமயிர் கனத்தில் ஒரு கால். அந்தக் காலைத் தகட்டின் துளையில் இறக்கி, குச்சி நேரே மையத்தைப் பார்க்கும்படி நிறுத்தி, பின்புறம் ஒரு சொட்டுக் கோந்து வைக்கவேண்டும். முப்பத்திரண்டு பெண்கள் இடுக்கியும் லென்ஸுமாக உட்கார்ந்து இதைக் கையாலேயே செய்தார்கள். அவர்களுக்கு சூப்பர்வைசர் தனசிங்.

இப்போது அவர் கையில் இருந்ததோ மூலவர்.

சுவிட்சர்லாந்திலிருந்து மாதிரிக்கென்று வந்த ஒரே டயல் அது. அங்கே மிஷின் செய்தது. அதைப் பார்த்துத்தான் மற்ற எல்லா டயலையும் செய்யவேண்டும். டயல் நீல வெல்வெட் பெட்டிக்குள் இருந்தது. பெட்டி இரும்பு பீரோவுக்குள் இருந்தது. பீரோ சாவி தனசிங்கின் இடுப்பில் இருந்தது. வருடத்துக்கு ஒரு தடவை அங்கிருந்து இன்ஸ்பெக்டர் வரும்போது மட்டும் அது கம்பெனியை விட்டு வெளியே போகும். அவர் ஹோட்டலுக்கு எடுத்துப்போய் அளந்து பார்த்துவிட்டு, மறுநாள் காரில் கொண்டுவந்து வைப்பார். செக்‌ஷன் பெண்கள் அதற்கு மூலவர் என்று பெயர் வைத்திருந்தார்கள். சி.எஸ்.ஐ. சபையில் கமிட்டி மெம்பரான தனசிங் முதலில் ஆட்சேபித்தார். ஆறு மாதத்தில் அவரும் "மூலவரை எடு", "மூலவரை மூடு" என்று சொல்லப் பழகிவிட்டார்.

அன்று மூலவரை வெளியே எடுக்கக் காரணம் இருந்தது. போன வாரம் சுவிட்சர்லாந்திலிருந்து கடிதம் வந்திருந்தது. ஒரு வருடமாக உங்கள் டயல்களில் கோணல் தெரிகிறது, கைவேலை என்றால் இப்படித்தான், இன்ஸ்பெக்டர் புரூனர் திங்கட்கிழமை வந்து பார்ப்பார், அவர் சொன்னால் மிஷின் அனுப்பிவைக்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். மிஷின் வந்தால் முப்பத்திரண்டு பெண்களும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். சூப்பர்வைசரும் தேவைப்படமாட்டார் என்பதை மானேஜர் வேதசிரோமணி வாய்விட்டுச் சொல்லவில்லை. தனசிங்கின் டீயில் சர்க்கரை போதுமா என்று இரண்டு தடவை கேட்டார். அதிலேயே புரிந்துவிட்டது.

"கவலையே படாதீங்க சார். மூலவரையும் நம்ம டயலையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக் காட்டுறேன். அச்சு அசலா ஒண்ணா இருந்தா அப்புறம் அவர் என்ன பேச முடியும்?" என்று தனசிங் சொல்லிவிட்டு வந்தார். அவருக்குத் தன் செக்‌ஷன் மேல் நம்பிக்கை அதிகம். தன் மேல் அதைவிட ஒரு படி அதிகம்.

ஆகவே வெள்ளிக்கிழமை காலை, மூலவர் முகத்தில் தூசி தும்பு இருக்கக்கூடாதென்று ரப்பர் பந்தை அமுக்கிக் காற்றடித்தார். அவ்வளவுதான் செய்தார். ஆறு மணி பறந்துவிட்டது.

"மிஷின் வச்ச குச்சி ஆயுசுக்கும் கழலாது" என்று இந்தப் பெண்களிடம் ஆயிரம் தடவை சொன்னவர் அவரேதான்.

தனசிங் மேஜைக்கு அடியில் குனிந்தார். பிறகு மண்டியிட்டார். நெல் உமியில் பாதி இருக்கிற குச்சியைத் தேட வேறு வழி கிடையாது.

"என்ன சார் தேடுறீங்க?" என்றாள் முதல் மேஜை யூனிஸ். கோவிலம்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிற பெண். வேலைக்குச் சேர்ந்து ஒன்றேகால் வருடம்தான் ஆகிறது. அதற்குள் செக்‌ஷனிலேயே நல்ல கை என்று பெயர் வாங்கிவிட்டாள்.

"பேனா மூடி."

"உங்க பேனா மூடியோடதானே பாக்கெட்ல இருக்கு சார்."

"இது வேற பேனா."

அந்த நேரம் பார்த்து அங்காளம்மாள் வாளியும் ஈரத் துணியுமாகத் தரை துடைக்க வந்தாள்.

"அங்காளம்மா, அங்கேயே நில்லு. துணியைத் தரையில வைக்காதே."

"தொடைக்காம நின்னுகினு இருந்தா மானேஜர் சார் கத்துவாரு."

"நான் சொல்றேன்ல, நில்லு. எல்லாரும் காலைத் தூக்கி நாற்காலிக் கம்பி மேல வையுங்க."

முப்பத்திரண்டு பெண்கள் பத்து நிமிடம் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அங்காளம்மாள் வாளியைக் கீழே வைக்காமல் நின்றாள். தனசிங் ஒரு சுவரிலிருந்து மறு சுவர் வரை தவழ்ந்து வந்தார். ஆறு மணி அகப்படவில்லை.

சரி, இது ஒரு விஷயமா என்று அவர் எழுந்தார். ஸ்டோரில் குச்சிகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஒன்றை எடுத்து வைத்தால் தீர்ந்தது. அலமாரிக்குப் பின்னால் இருந்த தனி மேஜையில் உட்கார்ந்தார். தனசிங் பி.எஸ்ஸி. இயற்பியல். ஆறு வருட சர்வீஸில் ஒரு குச்சிகூட வைத்ததில்லை. "ஒரு நிமிஷ வேலைக்கு எதுக்கு ரெண்டு நிமிஷம்?" என்று மற்றவர்களைக் கேட்டிருக்கிறார், அவ்வளவுதான்.

முதல் குச்சி இடுக்கியிலிருந்து துள்ளி எங்கோ போனது. இரண்டாவது தலைகீழாக இறங்கியது. மூன்றாவது சரியாக இறங்கியது. ஆனால் பின்புறம் வைக்கவேண்டிய கோந்து எப்படியோ முன்புறம் வந்துவிட்டது. கோந்தைத் துடைக்க ஸ்பிரிட் தொட்ட பஞ்சை எடுத்தார். கோந்து போயிற்று. கூடவே, ஓரத்தில் அச்சிட்டிருந்த நிமிடக் கோடுகளில் இருபத்தேழிலிருந்து முப்பத்துமூன்று வரை பஞ்சோடு வந்துவிட்டன.

ஈரம் காய்ந்தால் மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம் என்று மேஜை விளக்கைத் தணித்து டயலின் தலைக்கு நேரே வைத்தார். அப்போது டிரைவர் துரை எட்டிப் பார்த்தான்.

"சார், மானேஜர் சார் கூப்புடுறாரு. திங்கக்கெழமை காரு எத்தினி மணிக்குப் போவணும்னு கேக்குறாரு."

துரையின் காக்கிச் சட்டைப் பாக்கெட்டில் அந்தப் பேனா வழக்கம்போல மின்னிக்கொண்டிருந்தது. வெள்ளிக் கிளிப் வைத்த சுவிஸ் பேனா. டிரிப் ஷீட்டில் கிலோமீட்டர் எழுதுகிறவனுக்கு எதற்கு அப்படி ஒரு பேனா என்று தனசிங்குக்கு ஒரு வருடமாக வயிற்றெரிச்சல். ஏது என்று கேட்டால் "ஒருத்தரு குடுத்தாரு சார்" என்பதற்கு மேல் துரை வாயைத் திறந்ததில்லை.

மானேஜர் அறையில் இருபது நிமிடம் போய்விட்டது. புரூனர் மாலை மூன்று மணிக்குத்தான் கம்பெனிக்கு வருவார் என்று முடிவாயிற்று. தனசிங் திரும்பி வந்தபோது விளக்குச் சூட்டில் மூலவரின் முகமெல்லாம் கொப்புளம் கொப்புளமாகப் பொரிந்து அப்பளம் போல ஆகியிருந்தது.

அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பின்னால் வாளிச் சத்தம் கேட்டது.

"கோச்சுக்காதீங்க சார். காலைலேர்ந்து பாத்துகினு கீறேன். ஒங்க மீசைல இன்னாவோ மினுக்குது" என்றாள் அங்காளம்மாள்.

தனசிங் மீசையைத் தடவினார். ஆறு மணி விரலோடு வந்தது.

"இதைக் காலையிலேயே சொல்றதுக்கென்ன?"

"நீங்கதான அங்கியே நில்லுன்னீங்க."

---

சனிக்கிழமை அரை நாள் வேலை. ஒரு மணிக்கு எல்லாரும் கிளம்பியதும் தனசிங் யூனிஸை மட்டும் இருக்கச் சொன்னார். அங்காளம்மாளும் துணைக்கு இருந்தாள்.

"ஒரு ஸ்பெஷல் பீஸ் பண்ணணும்மா. மிஷின் பண்ண மாதிரி இருக்கணும்."

"எதைப் பார்த்து சார் பண்றது?"

வேறு வழியில்லாமல் தனசிங் பொரிந்துபோன மூலவரை எடுத்து அவள் முன்னால் வைத்தார். யூனிஸ் அதைத் தொடாமல் குனிந்து பார்த்தாள்.

"யார் சார் இப்படிப் பண்ணது?"

"சீதோஷ்ணம்."

அவள் லென்ஸை மாட்டிக்கொண்டு முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். "பின்னாடி கோந்து இருக்கே சார். மிஷினும் கோந்துதான் வைக்குமா?"

"பின்னே மிஷின் என்ன சோத்துப் பருக்கையா வைக்கும்?" என்றார் வாழ்நாளில் மிஷினைக் கண்ணால் பார்க்காத தனசிங்.

"சரி சார். ஏழு மணியை எப்படி வைக்கட்டும்? எப்பவும் போல சாய்ச்சா, நேராவா?"

"இது ஒரு கேள்வியா? நேராத்தான். மிஷின் எங்கேயாவது சாய்ச்சு வைக்குமா?"

யூனிஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சார் ஒரு முடிவோடு பேசும்போது குறுக்கே பேசிப் பயனில்லை என்பதை ஒன்றேகால் வருடத்தில் அவளும் கற்றிருந்தாள். இடுக்கியை எடுத்தாள். முதலில் பன்னிரண்டை இறக்கினாள். அடுத்து ஆறு. பிறகு மூன்றும் ஒன்பதும். தனசிங் அவளுக்குப் பின்னால் நின்று, மூச்சு விட்டால் குச்சி பறந்துவிடுமோ என்று கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டார்.

"கொஞ்சம் மிஷின் மாதிரி வைம்மா."

"எப்படி சார்?"

"உணர்ச்சி இல்லாம வை."

யூனிஸுக்குச் சிரிப்பு வந்தது. கை மட்டும் அசையவில்லை. இருபத்தைந்து நிமிடத்தில் பன்னிரண்டு குச்சிகளும் நின்றன. தனசிங் லென்ஸை மாட்டிக்கொண்டு பார்த்தார். ஒவ்வொன்றும் நடுப்புள்ளியைப் பார்த்துக் கோடு இழுத்த மாதிரி நின்றது. இவ்வளவு நாள் இவளை ரெண்டு நிமிஷம் எதற்கு என்று கேட்டோமே என்று அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"அருமையா இருக்கும்மா" என்றார். இந்த வார்த்தையை அந்த அறையில் அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை. "இது நமக்குள்ள இருக்கட்டும்."

"எனக்கெதுக்கு சார் வம்பு. தங்கச்சி நர்ஸிங் படிக்கிறா. வேலை இருந்தா போதும்."

புது டயல் நீலப் பெட்டிக்குள் போயிற்று. பழைய மூலவரைக் காகிதத்தில் சுற்றி டிபன் கேரியரின் மேலடுக்கில் வைத்துக்கொண்டு தனசிங் வீட்டுக்குக் கிளம்பினார். வழியில் சேலையூர் ஏரிக்கரையில் சைக்கிளை நிறுத்தினார். தண்ணீரில் வீசிவிடலாம் என்றுதான் நினைத்தார். ஆறு வருடம் சாவி போட்டுக் காத்ததை வீசக் கை வரவில்லை. மறுபடி கேரியரிலேயே வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எல்லாரையும்விட ஒரு சுருதி தூக்கியே பாடினார்.

---

திங்கட்கிழமை காலை பீரோவைத் திறந்துவைத்துவிட்டு மானேஜரைப் பார்க்கப் போய்த் திரும்பி வந்தபோது பதினோரு தட்டுகளில் சிவப்புச் சீட்டு ஒட்டியிருந்தது. ஒரு தட்டுக்கு இருபது டயல். பக்கத்தில் ஜெயசீலி நின்றாள். தயாரான டயல்களில் வாரம் ஒரு முறை பதினோரு தட்டு எடுத்து, மூலவரோடு ஒப்பிட்டுப் பார்த்து பாஸ் போடுவது அவள் வேலை. மானேஜரே சிபாரிசுக்கு வந்தாலும் அவளிடம் நடக்காது. சனிக்கிழமை அவளிடம் சொல்லிவைக்கவேண்டும் என்று தனசிங்குக்குத் தோன்றவே இல்லை.

"என்ன ஜெயசீலி இது?"

"ரிஜெக்ட் சார்."

"எல்லாமேவா?"

"எல்லாத்துலயும் ஏழு சாய்ஞ்சிருக்கு சார். மூலவர்ல நேரா இருக்கு."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பாஸ் பண்ணிட்டுதானே இருந்தே?"

"வெள்ளிக்கிழமை வரைக்கும் மூலவர்லயும் சாய்ஞ்சுதான் சார் இருந்துச்சு."

தனசிங் பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"போன வருஷம் இன்ஸ்பெக்டர் வந்துட்டுப் போனப்புறம் பார்க்கறேன், மூலவர்ல ஏழு ஒரு மயிரிழை எட்டுப் பக்கமா சாய்ஞ்சிருந்தது. அவங்க டிசைனை மாத்திட்டாங்க போலன்னு உங்ககிட்ட வந்து சொன்னேனே சார். 'மூலவர்ல எப்படி இருக்கோ அப்படியே வை, கேள்வி கேக்காதே'ன்னீங்க. அன்னைலேர்ந்து எல்லாரையும் ஏழை மட்டும் சாய்ச்சு வைக்கச் சொல்லிட்டேன்."

சொன்னது நினைவிருந்தது. அவள் என்ன கேட்டாள் என்பதுதான் நினைவில்லை. ஒரு வருடமாகக் கோணல் கோணல் என்று சுவிட்சர்லாந்து புலம்பியது இந்த ஏழைத்தான் என்பதும் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தபிறகுதான் விளங்கியது.

"சரி, விடு. மூலவர்ல ஏழைச் சாய்ச்சுட்டா எல்லாம் பாஸ்தானே?"

"மூலவர் நேரா இருக்குன்னு ரெஜிஸ்டர்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டேன் சார்."

தனசிங் மணி பார்த்தார். ஒன்பது. புரூனர் வர மூன்று ஆகும். ஆறு மணி நேரம், முப்பத்திரண்டு பேர், இருநூற்றிருபது டயல். ஆளுக்கு ஏழு கூட வராது. இது ஒரு விஷயமா என்று எழுந்தார்.

"எல்லாரும் கேளுங்க. பின்னாடி ஸ்பிரிட் வச்சுக் கோந்தை இளக்கி, ஏழை எடுத்துட்டு நேரா வைக்கணும்."

"ஒவ்வொண்ணா எடுத்து உடனே வச்சுடறோம் சார்" என்றாள் யூனிஸ்.

"அது நேரம் பிடிக்கும். முதல்ல எல்லாத்துலயும் ஏழை எடுத்துடுங்க. அப்புறம் மொத்தமா வைக்கலாம். ஒரு சிஸ்டம் வேணும்."

சிஸ்டம்படி வேலை நடந்தது. பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் கடைசித் தட்டிலும் ஏழைக் கழற்றி முடித்தார்கள். பதினொன்றுக்கு துரை வாசலில் வந்து நின்றான்.

"வெள்ளைக்காரரு வந்துட்டாரு சார். ஹோட்டலுக்குப் போவாம நேரா இங்க வுடுன்னுட்டாரு."

புரூனர் ஆறடி உயரம். வெயிலில் சிவந்த முகம். வேதசிரோமணி கூடவே ஓடிவந்தார். உள்ளே வந்த புரூனர் முதல் தட்டைப் பார்த்தார். இரண்டாவது தட்டைப் பார்த்தார். பதினோராவது தட்டு வரை பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் நிதானமாகக் கேட்டார்.

"ஏழு மணி எங்கே?"

வேதசிரோமணி தனசிங்கைப் பார்த்தார்.

"மெயின்டனன்ஸ் சார்" என்றார் தனசிங்.

புரூனர் வருத்தத்தோடு தலையாட்டினார். "இதற்குத்தான் மிஷின் வேண்டும் என்று எழுதினேன். மிஷின் கோணலாக வைக்காது. மணியைத் தொலைக்கவும் தொலைக்காது. மாஸ்டரைக் கொண்டுவாருங்கள். மிஷின் வேலை எப்படி இருக்கும் என்று இவர்களும் ஒரு தடவை பார்க்கட்டும்."

நீலப் பெட்டி வந்தது. புரூனர் லென்ஸை மாட்டிக்கொண்டு குனிந்தார். பிறகு லென்ஸைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். அவர் முகத்தில் இருந்த சிவப்பு மெல்ல இறங்கியது.

"இது நேராக இருக்கிறது" என்றார். குரல் சன்னமாக வந்தது.

தனசிங் இடுப்புச் சாவியைப் பிடித்துக்கொண்டார். கண்டுபிடித்துவிட்டான் மனுஷன். முப்பத்திரண்டு பெண்களும் இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்தார்கள். யூனிஸ் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் மிஷின் வரும், எல்லாரும் போகவேண்டும். வாயைத் திறந்தால் ஒருத்தன் மட்டும் போகவேண்டும். இயற்பியல் படித்தவருக்கு இந்தக் கணக்குப் போட அதிக நேரம் ஆகவில்லை.

"சார், இது மிஷின் பண்ணது இல்லை. இதோ நிக்கிறாளே யூனிஸ், இவ சனிக்கிழமை கையால பண்ணது. உங்க மாஸ்டரை நான்தான் கெடுத்தேன்."

வேதசிரோமணி சுவரைப் பிடித்துக்கொண்டார். தனசிங் மேஜைக்கு அடியிலிருந்து டிபன் கேரியரை எடுத்து, மேலடுக்கைத் திறந்து, காகிதத்தைப் பிரித்தார்.

"இதுதான் உங்க மாஸ்டர். பொரிஞ்சது என் தப்பு. கம்பெனி எனக்கு என்ன தண்டனை குடுத்தாலும் சரி. ஆனா ஏழைப் பாருங்க. சாய்ஞ்சிருக்கு. அதை நான் சாய்க்கலை, உங்க மிஷின்தான் சாய்ச்சிருக்கு. ஒரு வருஷமா எங்க பொண்ணுங்க அதைப் பார்த்துதான் அச்சு அசலா வச்சாங்க. கோணல் இவங்க கையில இல்லை சார். நேரா வைக்கச் சொன்னா எப்படி வைப்பாங்கன்னு இப்ப நீங்களே பார்த்தீங்க."

ஆங்கிலத்தில் இவ்வளவு நீளமாக அவர் பேசியதே இல்லை. இலக்கணம் எல்லாம் எங்கே போயிற்றோ தெரியாது. பேசியது புரூனருக்குப் புரிந்தது.

புரூனர் எலுமிச்சைச் சாத வாசனையோடு இருந்த டயலைக் கையில் வாங்கினார். பின்பக்கம் திருப்பினார். அங்கே என்ன பார்த்தாரோ, உடனே முன்பக்கம் திருப்பிவிட்டார்.

"இதை வேறு யாரிடமாவது காட்டினீர்களா?"

"இல்லை சார். ஆனா ஒரு பொருள் கைதவறிக் கெட்டுப்போறது யாருக்கும் நடக்கறதுதான். அதை மறைச்சு வச்சு எத்தனை நாள் சார் நிம்மதியா இருக்க முடியும்? ரெண்டு நாளே என்னால முடியலை."

புரூனருக்கு இருமல் வந்துவிட்டது. தண்ணீர் கேட்டார். அங்காளம்மாள் கொண்டுவந்த சொம்புத் தண்ணீரை முழுதும் குடித்தார். குடித்து முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் சொன்னார்.

"மிஷினும் சில சமயம் தப்புச் செய்யும்."

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. மிஷின் தேவையில்லை, கைவேலையே தொடரலாம் என்று எழுதினார். யூனிஸ் செய்ததுதான் இனி மாஸ்டர் என்று நீலப் பெட்டியின் மேல் புதுச் சீட்டு ஒட்டிக் கையெழுத்துப் போட்டார். பொரிந்த டயலைத் தன் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு, "இது என்னோடு இருக்கட்டும்" என்றார். தனசிங்கின் மேல் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. புறப்படும்போது அவரைத் தனியே அழைத்து, ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியைக் கையில் திணித்து, "உங்கள் நேர்மைக்கு. இந்த விஷயம் இந்த அறையோடு இருக்கட்டும்" என்று இரண்டு கையாலும் கை குலுக்கினார்.

பெட்டிக்குள் ஒரு பேனா இருந்தது.

யூனிஸ் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஜெயசீலி பழைய பக்கத்தைத் தள்ளி ரெஜிஸ்டரில் புதுப் பக்கம் திருப்பினாள். வேதசிரோமணி தன் கையாலேயே தனசிங்குக்கு டீ கொண்டுவந்து கொடுத்தார். இந்தத் தடவை சர்க்கரையைப் பற்றிக் கேட்கவில்லை. தனசிங் பேனாவைச் சட்டைப் பாக்கெட்டில், கிளிப் நன்றாக வெளியே தெரியும்படி குத்திக்கொண்டார். உண்மையைச் சொன்னால் எவ்வளவு பெரிய மனுஷனும் இறங்கி வருவான் என்பதை வருகிற ஞாயிறு வாலிபர் கூட்டத்தில் பேசலாமா என்றுகூட யோசித்தார்.

மாலையில் சைக்கிளை எடுக்க வந்தபோது, புரூனரை ஹோட்டலில் விட்டுவிட்டு வந்த துரை கார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். தனசிங் வேண்டுமென்றே அவன் பக்கமாகச் சுற்றி வந்து நின்றார்.

"பார்த்தியா துரை? புரூனர் சாரே அவர் கையால குடுத்தது."

துரை பேனாவைப் பார்த்தான். துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, தன் பேனாவை எடுத்து அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். அதே வெள்ளிக் கிளிப். அதே எழுத்து.

"என் நேர்மைக்குக் குடுத்தார்" என்றார் தனசிங்.

துரை சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"அப்ப ஒங்களுக்கும் மேட்டரு தெரிஞ்சிபோச்சா சார்? போன வருசம் குரோம்பேட்டைல மாடு குறுக்க வந்து நான் பிரேக் போட்டப்ப, மடில வெச்சிருந்த ஒரிஜினல் டயலு கீழ வுழுந்து, இவரு ஷூ காலால மெதிச்சுட்டு, நம்ம கம்பெனி தட்டுலேர்ந்து ஒண்ணைத் தூக்கி அந்த நீலப் பொட்டில வெச்சாரே, அப்ப எனக்கும் இதே பேனாவைத்தான் சார் குடுத்தாரு."